தொபியாஸ் டாக்கீஸ்

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்று முதல் ஈஸ்டர் வரை தவக்காலம், எனக்குச் சினிமா இல்லை, சீரியல் இல்லை, சினிமாப் பாட்டு இல்லை. காலைப் பூசையில் நேர்ந்துகொண்டுவிட்டேன். போன வருடம் மீனை விட்டேன், அதற்கு முந்தின வருடம் காபியை விட்டேன். இரண்டும் பெரிய காரியமில்லை. எதை விட்டால் எனக்கு உண்மையிலேயே வலிக்குமோ அதை விட்டால்தானே ஆண்டவரும் திரும்பிப் பார்ப்பார்.

தொபியாஸின் தொண்டைக்கும் இந்த நேர்ச்சைக்கும் சம்பந்தமில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். கிறிஸ்துமஸிலிருந்து அவர் குரல் கரகரக்கிறது. போன வாரம் திருநெல்வேலியில் தொண்டைக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் தேதி ரிசல்ட். அது தனி, இது தனி.

இது புது நோட்டு, எங்களைத் தெரியாது. தொபியாஸ் என் வீட்டுக்காரர். இருபத்தேழு வருடத்தில் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நோட்டில் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நான் ஜெசிந்தா, மக்ரூன் கடையில் பேக்கிங். ஊருக்கு இவரைத் தெரிவது கிரேனால் அல்ல, வாட்ஸ்அப் குரூப்பால். 'தொபியாஸ் டாக்கீஸ்' என்று பெயர், இருநூற்றுச் சொச்சம் பேர். எந்தப் படம் வந்தாலும் முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு, தியேட்டர் ஸ்டாண்டில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே ஐந்தாறு நிமிடம் பேசி அனுப்புவார். நான் பின்னால் நின்றுகொண்டு மறுத்துப் பேசுவேன். இதுவரை ஒரு படத்திலும் எங்கள் கருத்து ஒத்துப்போனதில்லை.

நேர்ச்சையைச் சொன்னதும் சிரித்தார். "நாப்பது நாளு படம் பாக்காம நீ இருந்துருவியாட்டி? ஆண்டவரு நாப்பது நாளு சோறு இல்லாம இருந்தது லேசு."

இருந்து காட்டுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு விக்டோரியா மைனி நேற்றைய சீரியலை மறு ஒளிபரப்பில் பார்க்கிறாள். சுவர் ஒற்றைக்கல் சுவர். நான் பார்க்கவில்லை, பாத்திரம் விளக்கினேன். காது கேட்டால் அது என் குற்றமா?

பார்க்காமல் கேட்டதில் ஒன்று புரிந்தது. இந்தச் சீரியலுக்குப் படமே தேவையில்லை. மத்தளம் வந்தால் மாமியார் வருகிறாள், புல்லாங்குழல் வந்தால் மருமகள் அழுகிறாள், இரண்டும் சேர்ந்து வந்தால் யாரோ யாருடைய மாத்திரையையோ மாற்றி வைக்கிறார்கள். மூன்று வருடமாக அந்த வீட்டில் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருத்திக்கும் அதைப் பூட்டி வைக்கத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் இப்படி நடந்திருந்தால் முதல் வாரமே விஷயம் முடிந்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

தவக்காலத்தில் ஞாயிறுகள் சேராது. ஞாயிறுகளைத் தள்ளிவிட்டு எண்ணினால்தான் நாற்பது வரும். மறைக்கல்வி வகுப்பில் பதினோரு வருடம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே இன்று படம் பார்த்தேன்.

பேய்ப் படம். ஏழு பேர் ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். பேய்க்கு ஒரு முறை வேண்டாமா? தன்னைக் கொன்றவனை விட்டுவிட்டு வீடு பார்க்க வந்தவர்களையெல்லாம் பயமுறுத்துகிறது. கொன்றவன் பக்கத்து ஊரில்தான் இருக்கிறான், பஸ்ஸில் போனால் இருபது நிமிடம். தொபியாஸ் படம் பிரமாதம் என்றார். கரகரத்த குரலில் பேயைப் போலவே பேசிக் காட்டினார், பிறகு வெகுநேரம் இருமினார். குரூப்புக்கும் அந்தக் குரலிலேயே பேசி அனுப்பினார். 'அண்ணாச்சி, வில்லன் வாய்ஸ் சூப்பர்' என்று பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

புற்றுநோய்தான். குரல்வளையில். மருந்து, கதிர்வீச்சுக் கரண்டு எதுவும் இந்தக் கட்டத்துக்குப் போதாதாம், குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு. டாக்டர் நல்ல மனிதர், படம் வரைந்து காட்டினார்.

"பேச்சு?" என்று தொபியாஸ் கேட்டார்.

"இப்ப இருக்கற மாதிரி பேச்சு வராதுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு வால்வு வச்சுப் பாக்கலாம். சிலருக்கு நல்லா வரும். அது வேற மாதிரி குரலா இருக்கும். உயிருக்கு நான் உத்தரவாதம் குடுக்கறேன், குரலுக்கு குடுக்க முடியாது."

ஏப்ரல் இரண்டாம் தேதி ஆபரேஷன். முப்பத்தொன்றில் சேர வேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒட்டியிருந்த சினிமா போஸ்டர்களையெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 13, வியாழன்

அரிசி இரண்டு படி, வெங்காயம், சோப்பு.

மார்ச் 15, சனி

ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்ததால்தான் இப்படி ஆயிற்றோ என்று மூன்று நாளாக யோசித்துவிட்டேன். இன்று காலை கடையில் மக்ரூனை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது கோபம் வந்தது. சதை எடுத்தது பிப்ரவரியில். நான் பேய்ப் படம் பார்த்தது மார்ச்சில். எடுத்த சதை பாட்டிலுக்குள் இருந்துகொண்டே என் பேரில் கோபப்பட்டு மாறிவிட்டதா?

சரி, எழுதியே விடுகிறேன். நேர்ச்சை அவர் தொண்டைக்காகத்தான். ரிசல்ட் நல்லபடியாக வந்தால் நாற்பது நாள் எதையும் பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். ரிசல்ட் நல்லபடியாக வரவில்லை. ஆகவே நான் இப்போது எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் பார்க்க மாட்டேன். ஆண்டவர் செய்யாவிட்டால் போகிறார், ஜெசிந்தா சொன்ன சொல் மாறாதவள் என்று அவருக்குத் தெரியட்டும். ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க மாட்டேன்.

மார்ச் 19, புதன்

நேர்ச்சையில் படம் பார்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, படத்தைப் பற்றி ஒருவர் பேசியதைக் கேட்கக் கூடாது என்று இல்லை. குரூப்பில் இருக்கும் அவருடைய வாய்ஸ் நோட்டுகளை ஒன்றொன்றாக என் போனில் இறக்கி வைக்கிறேன். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. ஆறு வருடப் படங்கள். இன்று நாற்பது முடிந்தது.

என்ன ஒரு குரல். கப்பல் சங்குக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. 'மக்களே, ஹீரோ அறிமுகம் பதினாறு நிமிசம். அதுக்குள்ள நான் ரெண்டு கன்டெய்னரு இறக்கிருவேன்' என்கிறார் ஒன்றில். இன்னொன்றில் ஒரு காதல் பாட்டைப் பற்றி: 'மொத்தம் அஞ்சு வார்த்த, அதுல மூணு வார்த்தைக்கு அர்த்தம் கெடையாது, ஆனா நாளைக்கு நீங்க எல்லாரும் இதத்தான் முனங்குவிய.' முனகினோம்.

இதுவரை கவனித்ததில்லை, எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். அவர் 'செகண்ட் ஹாஃப் அருமை' என்றால் பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், 'எங்க அருமை, நீங்க தூங்கிட்டுல்லா இருந்திய' என்கிறது. அவர் 'சும்மா இரிட்டி' என்கிறார். பிறகு தொடர்கிறார். நாற்பதிலும் 'சும்மா இரிட்டி' வருகிறது.

கண் எரிகிறது. போன் வெளிச்சம்.

மார்ச் 22, சனி

மகள் பிரின்சி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். முதலில் ஒரு வெப் சீரிஸைப் பற்றி. எட்டு பாகமாம், ஒரு கொலையாம், கட்டாயம் பார்க்க வேண்டுமாம். எட்டு மணி நேரத்தில் ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறவன் என்ன துப்பறிவாளன் என்று கேட்டேன். பிறகு அவள் அழுதாள்.

"அப்பாவப் பேசச் சொல்லி வீடியோ எடுங்கம்மா. எனக்கு, எனக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கு. ஏதாவது நாலு வார்த்த."

சொன்னேன். தொபியாஸ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லணுமாம்? ஒழுங்கா இரு, நல்லா படி, அப்படியா? நான் என்ன சாகவா போறேன்? குரலத்தான எடுக்கான்."

"அவளுக்கு ஒரு ஆச."

"என் குரலு வேணும்னா குரூப்புல கெடக்கு. அதுல என்ன கொறச்சலு? அழுது வடிஞ்சு பேசுறதுக்கு நான் சீரியலா நடத்துதேன்?"

நோய் விஷயம் குரூப்பில் யாருக்கும் தெரியக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாயமாகவும் பட்டது.

மார்ச் 26, புதன்

வெள்ளிக்கிழமை அந்தக் கிரேன் படம் வருகிறது. 'ஒன்பதாம் கிரேன்'. ஹீரோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு வருடமாக இதற்காகத்தான் காத்திருக்கிறார், டிரெய்லரை நிறுத்தி நிறுத்தி எது எது தப்பு என்று எனக்குக் காட்டியிருக்கிறார். காலை ஒன்பது மணிக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழம. தவக்காலம். நான் நேர்ந்திருக்கேன்," என்றேன்.

"தெரியும். என் தொண்டைக்குத்தான நேர்ந்த?"

நான் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா? நான் கேட்டனா ஒன்ன, நேரச் சொல்லி?" குரல் பாதியில் காற்றாகிவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "திங்கக்கிழம ஆஸ்பத்திரி. அதுக்குப் பொறவு நான் பேச மாட்டேன். படத்தத் தனியாப் பாத்துட்டு வந்து நான் யார்ட்டட்டி பேச? ஒனக்குப் படம் தெரியாட்டா நீ எப்படி இல்லன்னு சொல்லுவ?"

மார்ச் 27, வியாழன்

ஆண்டவரே, இதை நீரே வாசித்துக்கொள்ளும். நீர் உம்முடைய பங்கைச் செய்யாதபோதும் நான் என் பங்கைச் செய்துகொண்டு வந்தேன். நாளைக்கு ஒருநாள் நான் உடைக்கப் போகிறேன். மறந்துபோய் அல்ல, பலவீனத்தால் அல்ல, ஞாயிற்றுக்கிழமை என்று சாக்குச் சொல்லியும் அல்ல. தெரிந்தே உடைக்கிறேன். அவர் கூப்பிடுகிறார், நான் போகிறேன். கேட்க வேண்டியதை என்னிடம் பிறகு கேளும்.

மார்ச் 28, வெள்ளி

ஒன்பது மணிக் காட்சி. பேப்பர் பறந்தது, விசில், மேளம். இடைவேளையில் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம், பப்ஸ் தின்றுகொண்டு பிரின்சியின் வளைகாப்பைப் பற்றிப் பேசினோம்.

முதல் பாதி பரவாயில்லை. இரண்டாம் பாதியில் ஹீரோ ஒரு கையால் கிரேனை இயக்கிக்கொண்டே மறு கையில் போனை வைத்துக் காதலியுடன் பாடுகிறான். தொபியாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைசிக் காட்சியில் தீ, சங்கு, இரைச்சல். கீழே நிற்கும் கதாநாயகி என்ன கத்தினாலும் நாற்பது அடிக்கு மேலே இருக்கிறவனுக்குக் கேட்காது. அவள் கத்துவதை நிறுத்திவிட்டுக் கையால் காட்டுகிறாள். விரலை மேலே நீட்டி வட்டம் போட்டால் தூக்கு. கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு பக்கமும் வீசினால் நிறுத்து. அவள் கையை மட்டும் பார்த்து அவன் கன்டெய்னர் பெட்டியை இறக்குகிறான். எனக்கு அது சுத்தப் பாசாங்காகப் பட்டது. சேலை முந்தானை கொளுந்துவிட்டு எரியும்போது எவள் நின்று விரலால் வட்டம் போடுவாள்?

திரும்பிப் பார்த்தேன். தொபியாஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய விரல் அவளோடு சேர்ந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டாண்டில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து போனை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார். ஏழு நிமிடம். குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது, நிறுத்தவில்லை. கிரேனில் என்னென்ன தப்பு என்று வரிசையாகச் சொன்னார், பாட்டைத் திட்டினார். கடைசியில் சொன்னார்: "மக்களே, முப்பத்தோரு வருசம் நான் மேல உக்காந்து கீழ நிக்கறவன் கைய மட்டும் பாத்து வேல செஞ்சிருக்கேன். ஒரு வார்த்த கேக்காது. ஒரு தடவகூட நான் தப்பா இறக்குனதில்ல. அந்தக் கடைசி சீனுக்காக இந்தப் படத்தப் பாக்கலாம்." நான் பின்னாலிருந்து, "எதுக்கு, சேல எரியறதப் பாக்கவா?" என்றேன். "சும்மா இரிட்டி," என்றார்.

அப்போது பின்னால் ஒருவன் பைக்கை எடுத்தான், ஹேண்டில்பார் அவர் முழங்கையில் இடித்தது. அழுத்திப் பிடித்த விரல் இடப்பக்கம் சறுக்கியது. அவ்வளவுதான், பேசியது அத்தனையும் அழிந்துவிட்டது. அந்தப் போனில் அப்படித்தான், விரல் சறுக்கினால் அழிந்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை.

"திருப்பிப் பேசுங்க," என்றேன்.

"ஒரு படத்துக்கு ஒரு தடவதான்."

"அந்தச் சட்டமெல்லாம் இன்னைக்கு வேண்டாம். பேசுங்க."

"போட்டும் விடு."

நான் அந்த ஸ்டாண்டிலேயே அவரோடு சண்டை போட்டேன். பைக் ஓட்டியவனையும் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன், தொபியாஸ் தொண்டையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பப் பேச அதில் ஒன்றும் மிச்சமில்லை.

மாலை சிலுவைப்பாதைக்குப் போனேன். பதினான்கு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இன்று காலைக்குப் பிறகு அவருக்குக் குரலே எழும்பவில்லை. கடைசியாகப் பேசியது என்னவென்று பிரின்சி பிறகு கேட்பாள், எழுதி வைக்கிறேன். 'அந்த ஃபேனக் கொறைட்டி.'

ஏப்ரல் 2, புதன்

ஏழு மணி நேரம். நல்லபடியாக முடிந்ததாம்.

ஏப்ரல் 7, திங்கள்

வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தில் ஓட்டை, மூக்கில் குழாய். கண் விழித்த அன்றே நர்ஸ் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தாள். அவர் வாங்கிப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஐந்து நாளாகிறது, ஓர் எழுத்து எழுதவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் இமையை மூடித் திறக்கிறார், அவ்வளவுதான்.

டாக்டர், "ஆபரேஷன் சக்சஸ். அவரு மனசு வச்சு எந்திரிக்கணும். எழுத வைங்க, ஏதாவது கேட்டு வாங்குங்க," என்றார். இருபத்தேழு வருடமாக என்னிடம் வாயை மூடச் சொன்ன மனிதரை நான் எப்படிப் பேச வைப்பது?

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

வார்டு டிவியில் சின்னப் பிள்ளைகள் பாட்டுப் போட்டி. ஞாயிறும் பார்க்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது, தலைக்கு நேரே மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சிறுமி இன்னும் வாயே திறக்கவில்லை, நடுவர்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். உன் அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டில் எத்தனை கஷ்டம் என்று நோண்டி நோண்டிக் கேட்கிறார்கள். பாட்டுக்கு மார்க் போடுகிறார்களா, கஷ்டத்துக்குப் போடுகிறார்களா? அந்தப் பிள்ளை நன்றாகப் பாடியது. அதை ஒருவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன், அவர் மறுப்பார் என்று. இந்த நிகழ்ச்சி அவருக்கு உயிர். தொபியாஸ் கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, இரண்டு பக்கமும் ஒருமுறை வீசினார். நிறுத்து. டிவியையா என்னையா என்று தெரியவில்லை. டிவியை நிறுத்தினேன்.

ஏப்ரல் 16, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சி தானாகக் குடிக்கிறார், டம்ளரும் ஸ்பூனும் கட்டில் பக்கத்து ஸ்டூலில். பலகை கவிழ்ந்தே கிடக்கிறது. கிரேன் படத்துக்கு ஏன் இன்னும் வாய்ஸ் நோட் வரவில்லை என்று குரூப்பில் அறுபது பேர் கேட்டிருக்கிறார்கள். போனை அவரிடம் நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார். அதில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார், 'குரூப்பை விட்டு வெளியேறு'.

"அத நான் செய்ய மாட்டேன்," என்றேன். "வேணும்னா நீங்களே எந்திரிச்சு உக்காந்து அமுக்குங்க."

எழுந்து உட்காரவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் மணி அடிக்கவில்லை, மரக்கட்டையைத் தட்டினார்கள். இந்த நாளுக்கு அதுதான் வழக்கம். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது.

விக்டோரியா மைனி இன்றும் டிவியைச் சத்தமாகப் போடவில்லை. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்திருக்கிறாளாம். அந்தக் குறைந்த சத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை. "நல்லா சத்தமா வைங்க மைனி, இங்க ஒருத்தரும் சாகல," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்து, ஆட்டுக்கறி அடுப்பில் கொதிக்கும்போதே, அவர் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நேர்ச்சை முடிந்துவிட்டது. அவருடைய போனை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரலை அசைக்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாருக்கும் ஈஸ்டர் வாழ்த்து. நான் ஜெசிந்தா. பின்னால நின்னு கத்திக்கிட்டே இருப்பேன்லா, அந்தப் பொம்பள. எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டையில புத்துநோயி. குரல்வளைய எடுத்தாச்சு. இனும அவுக இதுல பேச மாட்டாவ. ஆள் நல்லா இருக்காவ. யாரும் அழுத மொகம் போட்டு அனுப்பாதிய, எனக்குப் பிடிக்காது. ஒன்பதாம் கிரேன் படத்த முத நாளே பாத்துட்டோம். அவுக அன்னைக்கே ஏழு நிமிசம் பேசுனாவ, அது அழிஞ்சு போச்சு. கேட்டது நான் ஒருத்திதான். அதனால அவுக கருத்த நான் சொல்லுதேன்."

தொபியாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் வரிசையாகச் சொன்னேன். கிரேனில் என்னென்ன தப்பு, ஒற்றைக் கையால் ஓட்டுவது எப்படி முடியாது, பாட்டு எவ்வளவு கேவலம். ஒன்றும் விடவில்லை, எல்லாம் ஞாபகம் இருந்தது.

"கடைசி சீனப் பத்தி அவுக என்ன சொன்னாவன்னா," என்றேன், "அது சுத்தப் பாசாங்கு. கையக் காட்டுனா கிரேன் எறங்கிருமா? அது வேலைக்கு ஆகாது. அந்த சீனு இல்லாட்டா படம் நல்லாருக்கும்னாவ."

வாய் தவறி வந்துவிட்டது. அப்படித்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டில் கிரீச்சிட்டது. அவர் திரும்பிவிட்டார். கையை நீட்டி உள்ளங்கையை இரண்டு பக்கமும் வீசினார். நிறுத்து. நான் கிரேன் இல்லையே நிறுத்துவதற்கு, மேலே பேசினேன். "முப்பத்தோரு வருச அனுபவத்துல சொல்லுதேன், கை ஜாடைய நம்பி எவனும் பெட்டிய இறக்க மாட்டான்னாவ." அவர் பலமாக வீசினார். நான் பார்க்காததுபோல் போனைப் பார்த்துக்கொண்டு பேசினேன். அப்போது டங் என்று ஒரு சத்தம். ஸ்பூனை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் அடித்துவிட்டார். டங், டங், டங். எழுந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து ஓட்டையில் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது, முகம் முழுக்கக் கோபம். பதினெட்டு நாளுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன்.

"சும்மா இருங்க," என்றேன் போனுக்குள்ளேயே. பேசி முடித்தேன். விரலை நேராக எடுத்தேன். குரூப்புக்குப் போய்விட்டது.

அவர் கவிழ்ந்து கிடந்த பலகையைத் திருப்பிப் பேனாவால் கிழிக்கிற மாதிரி எழுதினார். எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தார். 'பொய் சொல்லாத. நான் அப்படிச் சொல்லல.' துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். 'கடைசி சீனுதான் படமே.' மறுபடி துடைத்தார், மறுபடி எழுதினார். இடம் போதாமல் பலகையின் விளிம்பில் எல்லாம் எழுதினார். எனக்குப் படிக்க முடியவில்லை. கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, அதனால் கண்ணில் நீர்.

போன் விடாமல் சத்தம் போட்டது. அழுத முகங்கள் ஒன்றிரண்டு வந்தன, மற்றதெல்லாம் வாழ்த்து. வாய்ஸ் நோட்டில் கேட்டிருந்தார் ஹார்பர் கேன்டீன் வியாகுலம் அண்ணாச்சி. "மதினி, நல்லா பேசுனிய. ஆனா பின்னால யாரோ பாத்திரத்தத் தட்டிக்கிட்டே இருக்காவள, அது என்ன சத்தம்?"

நான் போனை அழுத்திப் பிடித்தேன். அவர் பலகையை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவா அண்ணாச்சி," என்றேன். "அது தொபியாஸ். நான் சொன்னது தப்பாம்."